தேடல் வரைபடம் மக்களின் அறியாமையைக் காட்டுகிறதா?

கேள்வி:
ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்று 2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் நடந்த பொதுவாக்கெடுப்பின் முடிவு வெளியானபின், ‘ஐரோப்பிய ஒன்றியம் என்றால் என்ன?’ என்பது ஒன்றியம் குறித்து அந்நாட்டினர் கூகுளில் அதிகம் கேட்ட கேள்விகளில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. விவரம் அறியாமலேயே மக்கள் வாக்களித்துவிட்டார்கள் என்று அப்போது பலர் எழுதினார்கள். அது நியாயமான முடிவுதானா?

மறுமொழி 1:
நியாயமன்று, நண்பரே. தேடல்களின் ஏற்ற இறக்கத்தை வரைபடமாகக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் சேவை தருவது தலைக்கணக்கு அல்ல. மொத்தத் தேடல்களில் ஒரு சொல்லின் பங்கு உச்சத்தில் இருந்த நேரத்தை 100 என வைத்துக்கொண்டு, மற்ற நேரங்களை அதனோடு ஒப்பிட்டு மதிப்பிடுகிறது. முன்பு மிகச் சிலரே தேடிய சொல்லைக் கொஞ்சம் பேர் கூடுதலாகத் தேடினாலே கோடு மலைபோல் எழுந்து நிற்கும். தேடியவர் வாக்காளரா, பள்ளி மாணவரா என்பதும் அதில் தெரியாது.

மறுமொழி 2:
ஏற்கிறேன். ஆனால் தேடுவதையே அறியாமையின் அடையாளமாகப் பார்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது. மழை வலுக்கும் இரவுகளில் என் தாயார் ‘செம்பரம்பாக்கம் நீர்மட்டம்’ என்று மணிக்கொரு முறை தேடுவார். ஏரியின் முழு உயரம் 24 அடி என்பது, 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட அவருக்கு மனப்பாடம். அவர் தேடுவது அந்த நேரத்து அளவையும் உபரிநீர்த் திறப்பையும்தான்.

மறுமொழி 3:
தேடுபவரின் மனம் தெரியாததால் கூகுளே தடுமாறியிருக்கிறது. தேடல்களை வைத்து ஃபுளூ காய்ச்சலின் பரவலைக் கணிக்க 2008இல் அது தொடங்கிய சேவை, 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் நோயின் உச்சத்தை ஏறத்தாழ இருமடங்காகக் காட்டியது; செய்திகளைக் கேட்டு அஞ்சி, நலமாக இருந்தவர்களும் தேடியது அதற்கொரு காரணமாகச் சொல்லப்பட்டது.