துருமுகடா, துருமுகமா? தேவாலா – பந்தலூர்த் தங்கப் பாறைகளுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். தாதுநாளத்தின் துருப்பிடித்த தலைப்பகுதிக்கு நான் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். வந்த பதில்களுக்கு என் மறுமொழி இது.

> 'இரும்புத் தொப்பி' என்றே வைத்துக்கொள்ளலாம். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஐயா, இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. தொப்பி வெளியிலிருந்து வந்து தலையில் ஏறுவது. கழற்றினால் தலை அப்படியே இருக்கும். நாம் பெயர் தேடும் பொருளோ தலையேதான். தாதுநாளம், அதாவது பாறைப் பிளவில் தாது நிறைந்த பட்டை, நிலத்துக்கு மேல் எட்டிப்பார்க்கும் இடத்தில் மழையும் காற்றும் பட்டுத் துருவாகிப்போன பகுதி அது. ஆங்கிலத்தில் 'காசன்' என்பார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளரின் சொல். அப்படியே எழுதினால் தமிழில் ஓர் ஆணின் பெயராக ஒலிக்கும்.

கூடலூர், பந்தலூர்ப் பகுதிப் பாறைகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதிவருகிறேன். இந்த ஒரு சொல் இல்லாமல் இரண்டாம் அத்தியாயம் நகர மறுக்கிறது. அந்த மண்ணின் தங்கக் கதை முழுவதும் இந்தத் துருவில்தான் இருக்கிறது.

1877இல் மலபாரிலிருந்து நீலகிரி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்ட தென்கிழக்கு வயநாடு அது. நைஸ் எனப்படும் வரிவரியான பழம்பாறைகளை ஊடறுத்து குவார்ட்ஸ் என்னும் வெள்ளைக்கல் நாளங்கள் ஓடுகின்றன. நாளங்களுக்குள் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். தங்கத்தில் பெரும்பங்கு அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் சிறைப்பட்டிருக்கும். மேற்பரப்பில் ஆக்சிஜனும் நீரும் பைரைட்டைச் சிதைக்கின்றன. கந்தகம் அமிலமாகி நீரோடு போய்விடுகிறது. இரும்பு துருவாகத் தங்கிவிடுகிறது. எதனோடும் எளிதில் சேராத தங்கம் விடுபட்டுக் கிடக்கிறது. அந்தப் பகுதியைத்தான் முற்காலத்தவர் தோண்டி, இடித்து, மரத்தட்டில் அலசி எடுத்தார்கள். மலைச்சரிவெங்கும் அவர்களுடைய பழங்குழிகள் இருந்தன.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலச் சுரங்கத் துறையில் பணியாற்றிய பிரஃப் ஸ்மித் 1880இல் இந்தப் பகுதியைப் பற்றி அறிக்கை தந்தார். அதையொட்டி லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் 40 லட்சம் பவுனுக்கு மேல் மூலதனம் அறிவித்தன. சில ஆண்டுகளில் எல்லாம் சரிந்தன. பங்கு வியாபாரத்தின் பேராசைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. காப்பித் தோட்டங்கள் நொடிந்துபோயிருந்த நேரம். தோட்டங்களைக் கொள்ளை விலைக்குக் கம்பெனிகளின் தலையில் கட்டினார்கள். ஆனால் பாறையும் கைவிரித்தது. துருப்பகுதியைத் தாண்டிக் கீழே போனால் சிதையாத பைரைட். இடித்துப் பொடியாக்கிப் பாதரசத்தில் ஓட்டினால் அதற்குள் இருக்கும் தங்கம் பாதரசத்தோடு சேராது. அத்தகைய தங்கத்தைக் கரைத்தெடுக்க உதவும் சயனைடு முறைக்குக் காப்புரிமை பெறப்பட்டதே 1887இல்தான். பின்னர் நிலவியலாளர்களான ஹேடனும் ஹாட்சும் ஆராய்ந்து 1901இல் வெளியிட்ட நிலவியல் துறை நூலும் நம்பிக்கை தரவில்லை.

> அங்கே எங்கும் செம்புறாங்கல்தானே? புதுச்சொல் எதற்கு?

அம்மா, நீங்கள் கேட்டது முக்கியமான கேள்வி. இரண்டும் சிவப்பு, இரண்டும் இரும்பு, இரண்டும் மழை செய்த வேலை. ஆனால் செம்புறாங்கல் எந்தப் பாறையின் மேலும் விரிந்து கிடக்கும். தாது இருக்கிறது என்பதற்கு அது சாட்சியாகாது. நாம் பேசுவது நாளத்தின் தலையில் மட்டும் இருப்பது. உடைத்துப் பார்த்தால் பைரைட் இருந்து கரைந்த இடத்தில் குட்டிக் குட்டிக் கட்டங்களாகக் குழி தெரியும். செம்புறாங்கல்லிலோ புழு ஊர்ந்த துளைபோல் இருக்கும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் படிக்கும் மாணவர் ஏமாந்துபோவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செம்புறாங்கல்லின் உலகப் பெயரான 'லேட்டரைட்' பிறந்ததே பக்கத்து மண்ணில்தான். மலபாரின் அங்காடிப்புரத்தில் மக்கள் அதைச் செங்கல்போல் வெட்டுவதைக் கண்ட பிரிட்டிஷ் மருத்துவரும் பயணியுமான புக்கானன், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயரை உண்டாக்கினார்; 1807இல் வெளியான அவருடைய நூலில் இது இருக்கிறது. உள்ளூரில் அதை 'இட்டிகைக் கல்' என்கிறார்கள் என்றும் எழுதினார். செங்கல்லுக்கு இட்டிகை என்பது தமிழிலும் பழஞ்சொல். நம் வட்டாரப் பேச்சை அவர் லத்தீனில் சொல்லியிருக்கிறார், அவ்வளவே. நாம் மட்டும் ஏன் ஜெர்மன் தொப்பியை இரவல் வாங்க வேண்டும்?

என் பரிந்துரை: துருமுகடு. கூரையின் உச்சியை முகடு என்கிறோம். நாளத்தின் உச்சி துருவானது என்பது சொல்லிலேயே விளங்கும்.

கருத்துகளை எதிர்நோக்குகிறேன்.

---

வணக்கம். 'துரு' சரி. 'முகடு'தான் இடிக்கிறது. நீலகிரியில் முகடு என்றால் முதலில் மலைமுகடே நினைவுக்கு வரும். நீங்கள் சொல்லும் பொருள் ஓடைக்கரையிலும் தேயிலைச் சரிவிலும் கிடக்கலாமே. 'துருமுகம்' என்றால் என்ன? நாளம் வெளியே முகம் காட்டும் இடம்.

---

ஓடைக்கரை எனக்குத் தோன்றாமல் போயிற்று. முகம் என்பதில் வெளிப்படும் இடம், தொடங்கும் இடம் என்ற இரு பொருளும் இருக்கின்றன. தேடிப் போகிறவருக்கு நாளம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 'துருமுகத் தங்கம்', 'துருமுக ஆழம்' என்று சொல்லிப் பார்த்தேன், நாவில் தடையில்லை. கீழே சிதையாமல் இருக்கும் தாதுவைத் 'துருவாத் தாது' எனலாம் என்று நினைக்கிறேன்; துருவுதல் தேங்காயை நினைவூட்டுமோ என்ற ஐயம் மட்டும் இருக்கிறது. அதற்கு வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். துருமுகத்தை இன்றே அத்தியாயத்தில் சேர்த்துவிடுகிறேன்.