‘புட் அவுட் டு பாஸ்ச்சர்’ என்று வாழ்த்து அட்டையில் எழுதலாமா?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். எங்களோடு வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் ஓய்வு பெறுகிறார். வாழ்த்து அட்டையில் ‘புட் அவுட் டு பாஸ்ச்சர்’ என்ற ஆங்கிலத் தொடரைப் போடலாம் என்கிறார் ஒருவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. உழைத்து ஓய்ந்த கிழக் குதிரையை மேய்ச்சல் நிலத்தில் விட்டுவிடுவதிலிருந்து வந்த தொடர் அது. வயதைக் காட்டி ஒருவரை ஒதுக்கி அனுப்பும்போதுதான் அதிகம் சொல்கிறார்கள். அவரே தன்னைப் பற்றிச் சொன்னால் சரி, நாம் சொன்னால் புண்படாதா? விரும்பி ஓய்வு பெறுபவருக்கு இது பொருந்துமா? அப்புறம், ‘கோல்டன் ஹேண்ட்ஷேக்’ என்பது வேலையை விட்டுப் போகிறவருக்குத் தரும் பெருந்தொகை. அதுவும் இங்கே உதவாது. மரியாதையான வேறு தொடர் தெரிந்தால், ஒரு எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு சொல்லுங்கள்.