சந்தை விழுந்த வருடத்தில் உங்கள் ஓய்வுகாலப் பணத்துக்கு என்ன நடந்தது? அனுபவங்களைப் பகிருங்கள்

டிக்கோயாக்காரி:

இலங்கையின் பொருளாதாரம் நொறுங்கிய 2022 ஏப்ரல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கொழும்புப் பங்குச் சந்தையை 18ஆம் தேதியிலிருந்து ஒரு வாரம் மூடி வைத்து, 25ஆம் தேதி திறந்த அன்றே விழுந்து மறுபடியும் வியாபாரத்தை நிறுத்தினார்களே, அந்த வாரக் கடைசியில் பஸ்ஸில் ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பலருடைய பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் முதலிடும் ஒரு யூனிட் டிரஸ்டில் மாதாமாதம் கொஞ்சம் போட்டு வருகிறேன், வயதான காலத்துக்கு என்றே ஒதுக்கியது. அதை ஃபோனில் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

கினிகத்தேனையில் ஏறிய ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த கடிதத்தை எடுத்து, "புள்ள, இதுல எவ்வளவு போட்டிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு" என்றார். ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதியத்தின் கடிதம். கலியாணத்துக்கு முன்பிருந்தே தேயிலைக் கொழுந்து எடுத்தவர். தொகையைச் சொன்னேன், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம் கேட்டார், "மகன் வீட்டுக்குத் தகரம் போட்டா மிச்சம் இருக்குமா?"

தகரம் விலை எனக்குத் தெரியாது. முன் சீட்டிலிருந்த ஒருவர் திரும்பி அந்த வார விலையைச் சொன்னார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, கடிதத்தைப் பழையபடி மடித்தார்.

என் பணம் குறைந்தது ஃபோனில் தெரிந்தது, நானும் பயந்தேன். அவருடைய கணக்கில் ஒரு சதம்கூடக் குறையவில்லை, ஆனாலும் கூரைக்குப் போதவில்லை. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்துக்குப் போனது, 2022க்கு ஈபிஎஃப் கொடுத்த வட்டி 9 வீதம். எது பாதுகாப்பான பணம் என்று எனக்குச் சொல்லித்தந்ததெல்லாம் அந்த பஸ்ஸில் ஆட்டம் கண்டுவிட்டது. மே மாதமும் வழக்கம்போல என் பணத்தைப் போட்டேன்.

பண்டாரவளை டீச்சர்:

என் கணவரின் தம்பியும் அதே நாட்களில் ராத்திரி பத்து மணிக்கு வந்து வாசலில் நின்றுகொண்டே "அண்ணி, எல்லாத்தையும் வித்துட்டு பவுண் வாங்கவா?" என்று கேட்டார். முகம் வெளிறிப் போயிருந்தது. விற்கத்தான் விற்றார்.

அதனால் இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் வையுங்கள், நினைத்தவுடன் எடுக்கக்கூடிய மாதிரி. அது இல்லாமல் பங்குப் பக்கமே போகக்கூடாது, ஏனென்றால் சந்தை விழும் காலத்தில்தான் வேலையும் போகும், வீட்டில் யாருக்காவது வருத்தமும் வரும், அப்போது அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டி வரும். இரண்டாவது, திறைசேரி உண்டியல் என்று ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. 2022 நடுப்பகுதியில் 3 மாத உண்டியலுக்கு 30 வீதத்துக்கு மேல் வட்டி போனது, அரசாங்கமே கடன் வாங்கும் பத்திரம், வங்கி மூலமாக வாங்கலாம். அந்த நேரத்தில் நம் ஆட்கள் பழைய வட்டியில் நிலையான வைப்பில் போட்டுவிட்டு இருந்தார்கள். ஆனால் அந்த வட்டி நெடுநாள் நிற்காது, இறங்கிவிட்டது, அதை நம்பி முப்பது வருடத்துக்குத் திட்டம் போட முடியாது. மூன்றாவது, கலியாணத்துக்கு வைத்த பணம், தம்பி தங்கச்சி படிப்புக்கு வைத்த பணம், இரண்டு மூன்று வருடத்தில் தேவைப்படும் எந்தப் பணமும் பங்குக்குப் போகக்கூடாது. நான்காவது, விலை இறங்கிவிட்டது, இப்போது வாங்கினால் இலாபம் என்று நகையை அடகு வைத்து வாங்கவே கூடாது, அடகு வட்டி மாதாமாதம் ஏறும், பங்கு எப்போது ஏறும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். சீட்டுப் போடுகிறவர்கள் போடுங்கள், ஆனால் சீட்டுக் காசை ஓய்வுகாலச் சேமிப்பு என்று எண்ணாதீர்கள், கைக்கு வந்த மாதமே அது வேறெங்கோ போய்விடும்.

தலவாக்கலைப் பையன்:

டீச்சர், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு அரசாங்கப் பென்ஷன் இருக்கிறது. ஆறு மாதச் செலவை முதலில் சேர்த்துவிட்டு வா என்றால் கொழும்பில் கடையில் நிற்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் முப்பது வயதிலும் தொடங்க மாட்டார்கள். அறை வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது போக மிஞ்சுவதில் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும், கொஞ்சம் அங்கே, கொஞ்சம் இங்கே.

என்னுடைய கதை பங்கைப் பற்றியது இல்லை, ஆனால் இங்கேதான் சொல்ல வேண்டும். நான் முன்பு நின்ற கடையில் 2022இல் எல்லாருடைய சம்பளத்திலும் கை வைத்தார்கள். அப்போதுதான் ஈபிஎஃப் பற்றிக் கேட்டேன். முதலாளி கணக்குப் புத்தகத்தை மூடாமலே, "கட்டலாம், 20 வீதத்தையும் உன் சம்பளத்துலதான் பிடிப்பேன், எது வேணும்னு நீயே சொல்லு" என்றார். பக்கத்தில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த மஸ்கெலியாப் பையன் கையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அவனுக்கும்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளி தன் பணத்திலிருந்து 12 வீதம், அதற்கு மேல் ஈடிஎஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், அதுவும் முதலாளியின் பணம். ஈபிஎஃப் 1958ஆம் ஆண்டுச் சட்டம், நேற்று வந்ததில்லை. அந்த 12ஐ நம் சம்பளத்தில் பிடிக்க யாருக்கும் உரிமை இல்லை, தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். நான் கட்டுகிற இடமாகப் பார்த்து மாறிவிட்டேன். அந்தப் பையன் இன்னும் அங்கேதான். சந்தை விழுந்ததா ஏறியதா என்று நாம் பேசுகிறோம், மாதம் 15 வீதத்தை யாரோ சும்மா எடுத்துக்கொண்டு போகிறார்கள், எந்தச் சந்தை வீழ்ச்சியும் இவ்வளவு ஒழுங்காக ஒவ்வொரு மாதமும் நடக்காது.

நாவலப்பிட்டி அக்கா:

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. நான் பார்த்ததையும் சொல்கிறேன். 2022 கடைசியில் ஒரு வேலையாகத் தொழில் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பிள்ளை, கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் நின்றவள், கையில் புதுக் கலியாணச் சான்றிதழ். கலியாணத்துக்காக வேலையை விடும் பெண்கள் ஈபிஎஃப் பணத்தை முழுதாக எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. ஏன் எடுக்கிறாய் என்று கேட்டேன். "எல்லாரும் எடுக்கிறாங்கதானே அக்கா" என்றாள். கூட வந்திருந்த மாமியார் படிவத்தை அவள் கையிலிருந்து வாங்கி, தானே எண்ணிப் பார்த்தார். அந்தப் பிள்ளைக்கு 24 வயது இருந்தால் அதிகம்.

அந்த விதியே எனக்குப் பிடிக்கவில்லை. கலியாணம் என்றால் பெண்ணின் முதுமைக்கு வைத்த பணம் அவிழ்ந்துவிட வேண்டும் என்று யார் முடிவெடுத்தது?

டிக்கோயாத் தங்கச்சி, உங்கள் பதிவு மனதைத் தொட்டது, ஆனால் ஈபிஎஃப் என்றாலே கரைந்துபோகும் பணம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது, அந்தப் பிள்ளையும் அப்படித்தான் யாரோ சொல்லக் கேட்டிருப்பாள். கணக்கைப் பாருங்கள். 2022க்கு 9 வீதம், 2023க்கு 13, 2024க்கு 11. எடுக்காமல் விட்டவருக்கு மூன்று வருடத்தில் 100 ரூபாய் ஏறக்குறைய 137 ஆகியிருக்கும். பங்குச் சந்தைச் சுட்டெண் 2021 முடிவில் 12,200 அளவில் நின்றது, 2022 முடிவில் 8,500க்கும் கீழே, 2024 முடிவில் 15,900 தாண்டியது. அதாவது 2021 கடைசியில் மொத்தமாகப் போட்டவருக்கு அதே 100 ரூபாய் 130 அளவுதான், பங்கிலாபம் தனி. இரண்டுமே அந்த விலைவாசியைப் பிடிக்கவில்லை, ஆனால் ஒன்று மற்றொன்றை அடித்துத் தூக்கியது என்று சொல்ல முடியாது.

டிக்கோயாக்காரி:

அக்கா, கணக்கு சரி, ஆனால் நான் 2021 கடைசியில் மொத்தமாகப் போடவில்லையே. மாதச் சம்பளக்காரர் யாரும் அப்படிப் போடுவதில்லை. சுட்டெண் 8,500இல் நின்றபோது போட்ட மாதப் பணம் 15,900க்கு வரும்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 2022 ஏப்ரலிலிருந்து 2023 கடைசிவரை மலிவாக வாங்கிய காலம்தான். பயந்து நிறுத்தியவர்களுக்கு அது கிடைக்கவில்லை, டீச்சரின் கொழுந்தனார் மாதிரி விற்றவர்களுக்கு நட்டம் நட்டமாகவே நின்றுவிட்டது.

ஈபிஎஃபைக் கைவிடச் சொல்லவே இல்லை. அது கட்டாயம், நல்லதும்கூட. ஆனால் அதன் பணத்தில் பெரும்பகுதி அரசாங்கப் பத்திரத்தில்தான் இருக்கிறது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது பழைய முறிகளை (அரசாங்கத்தின் கடன் பத்திரங்களை) கொடுத்து நீண்டகால முறிகளை வாங்கு, இல்லாவிட்டால் 30 வீத வரி என்று நிதியங்களுக்குச் சொன்னார்கள், ஈபிஎஃப் மாற்றிக்கொண்டது. நம்மிடம் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் முழுவதையும் ஒரே இடத்தில் வைக்க எனக்குப் பயம். நாட்டுக்கு ஒன்று வந்தால் சம்பளம், ஈபிஎஃப், வங்கி எல்லாமே ஒரே நேரத்தில் ஆடுகிறது.

பஸ்ஸில் வந்த அம்மாவுக்கு இந்தப் பேச்சு எதுவும் உதவாது, அவருக்குக் காத்திருக்க வருடங்கள் இல்லை. நமக்கு இருக்கிறது. இருபதுகளில் விழுந்த சந்தை நமக்கு விற்கும் காலம் இல்லை, வாங்கும் காலம். ஐம்பதுக்கு மேல் அதே வீழ்ச்சி வந்தால் கதை வேறு, அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

ராகலை:

நீங்கள் எல்லாரும் வீதம் பேசுகிறீர்கள், எங்கள் வீட்டில் பணமே கைக்கு வரவில்லை. அப்பாவுக்கு 55 ஆனதும் விண்ணப்பித்தோம். அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்து பி கார்டில் (ஈபிஎஃப் உறுப்பினர் அட்டையில்) இன்னொரு பெயர், பிறப்புப் பதிவில் மூன்றாவது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் கூப்பிட்ட பெயரையே எழுதி வைத்திருக்கிறார்கள். அலுவலகத்தில் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இவர்தான் அவர் என்று நிரூபிக்க வேண்டும்" என்றார்கள். அப்பா கவுண்டருக்கு முன்னால் தன் பெயரை முழுதாக, சத்தமாகச் சொன்னார், அப்பாவின் பெயரோடு, தோட்டத்தின் பெயரோடு, டிவிஷனோடு. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் அலைந்த அந்த மாதங்களில்தான் விலைவாசி ஏறியது. கைக்கு வரும்போது அந்தப் பணத்தால் நினைத்ததில் பாதியைக்கூடச் செய்ய முடியவில்லை.

பங்கு வாங்குகிறீர்களோ இல்லையோ, வீட்டுக்குப் போகும்போது அம்மா அப்பாவின் பி கார்டையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அவர்கள் வேலையில் இருக்கும்போதே தோட்ட அலுவலகத்தில் சொல்லித் திருத்துங்கள், ஓய்வுக்குப் பிறகு அதே வேலைக்கு நாலு மடங்கு அலைச்சல். உங்களுடையதையும் பாருங்கள், கொழும்பில் கம்பெனிக்காரர்களும் பெயரைப் பிழையாக எழுதுகிறார்கள்.

தலவாக்கலைப் பையன்:

அண்ணா, இப்போதுதான் என் சம்பளத் துண்டை எடுத்துப் பார்த்தேன், தகப்பன் பெயரில் ஒரு எழுத்து விட்டிருக்கிறது. திங்கட்கிழமை எச்ஆரில் கேட்கிறேன்.