இலங்கையில் எங்களைப்போல இயலாமை உள்ள ஆட்களை யாராவது சீண்டினதுக்கு, அடித்ததுக்குப் பொலிசுக்குப் போன ஆட்கள் இருக்கிறீங்களா? என்ன நடந்தது?

கடலோரம்:
எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் பின்னேரம் அஞ்சரைக்கு 100ஆம் நம்பர் பஸ் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். படியில் கால் வைக்கிறேன், "பிடிக்கிறன் அக்கா" என்று ஒருவன் தமிழில் சொல்லிக் கையைப் பிடித்தான். அவன் கை அங்கேயே நிற்கவில்லை. தட்டிவிட்டேன். உடனே என் பிரம்பைப் பிடுங்கி றோட்டில் எறிந்தான். அலுமினியம் தாரில் விழுந்து உருண்டது, பிறகு ஏதோ ஒரு சில்லு அதன்மேல் ஏறியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பொலிஸில் முதல் கேள்வி, "ஆளைப் பார்க்கவில்லைதானே, எப்படி அடையாளம் காட்டுவீங்க?" குரல் தெரியும் என்றேன். சிங்களத்தில் எழுதினார்கள், வாசித்துக் காட்டவில்லை. நான் பட்டதாரி, கையெழுத்துப் போடுவேன். சொல்லச் சொல்ல, என் பெருவிரலைப் பிடித்து மையில் அமுக்கினார்கள். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் தெரியாது.

மகனின் அம்மா:
மகனுக்குக் காது கேட்காது, 19 வயது. ஒழுங்கையில் நாலு பெடியன்கள் அவன் சைகையைப் பழித்து வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். முறைப்பாட்டுக்குக் கூட்டிப்போனேன். அவன் தன் கையால் ஆறுதலாக எல்லாம் சொல்கிறான், எழுதுகிறவர் என் முகத்தையே பார்க்கிறார். ஒருக்கால்கூட அவனைப் பார்க்கவில்லை. பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டு இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
என் தம்பிக்கு ஒரு கால் இல்லை, பஸ்ஸில் ஒதுக்கின சீட்டைக் கேட்டதற்கு அடி வாங்கினவன். நாங்கள் முறைப்பாட்டோடு நிற்கவில்லை.

கடலோரம் தங்கச்சி, வாசித்துக் காட்டாத தாளில் ஏன் விரல் வைத்தீங்கள்? அங்கேதான் பிழை. தமிழில் முறைப்பாடு கொடுக்க உரிமை இருக்கிறது, தமிழும் அரசகரும மொழி. முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கோ. உங்களுக்கு நடந்தது பாலியல் தொந்தரவு, தண்டச் சட்டக்கோவை 345ஆம் பிரிவு, அஞ்சு வருசம் வரைக்கும் சிறை. இயலாமை உள்ள ஆட்களின் உரிமைக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதேங்கோ, அதன் பாரபட்சப் பிரிவு வேலை, படிப்பு, கட்டிட நுழைவு பற்றியது. பொலிஸ் நடத்தின விதத்துக்கு மனித உரிமைகள் ஆணைக்குழு, போன் இலக்கம் 1996. அடிப்படை உரிமை வழக்கென்றால் ஒரு மாதத்துக்குள் போடவேணும். அதே ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு எழுதிவிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலத்தை அந்த ஒரு மாதக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

அம்மா, 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் 119ஆம் பிரிவைப் பாருங்கோ. பேச முடியாத சாட்சி திறந்த நீதிமன்றத்தில் சைகையால் சொன்னாலும் அது வாய்மொழிச் சாட்சியம்தான். நீங்கள் மகனுக்காகப் பேசினது முதல் பிழை. போகாமல் விட்டால் அவன்கள் வென்றமாதிரி.

நாலு சில்லு:
அண்ணை, "ஏன் விரல் வைத்தீங்கள்" என்று கேட்க உங்களால் எப்படி முடிகிறது? விரலைப் பிடித்தது அவர்கள். பிழையை அந்தப் பிள்ளையின் தலையில் கட்டாதேங்கோ. அம்மாவையும் விடுங்கோ.

நான் வழக்கு வரைக்கும் போனவன். வீட்டு வாசலில் என் சக்கர நாற்காலியைக் கவிழ்த்த பக்கத்து வீட்டுக்காரன்மேல். நீதிமன்றம் மாடியில், லிஃப்ட் இல்லை. பொதுக் கட்டிடங்களில் எங்களுக்கு வழி வேணும் என்று 2006இல் ஒழுங்குவிதி வந்தது, 2011இல் உயர் நீதிமன்றமும் கட்டளை போட்டது. அன்றைக்கு அங்கே இருந்தது படி மட்டும்தான். பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நாலு பேர் ஓடிவந்து நாற்காலியைத் தூக்கினார்கள். மேலே போய்த் திரும்பிப் பார்க்கிறேன், பின்பக்கக் கைபிடியில் அவன். குனிந்து என் காதுக்குள் சொன்னான், "பார்த்தியா, நான் தூக்கினால்தான் நீ மேல வருவாய்."

அடுத்த தவணைக்கு நான் போகவில்லை. சட்டம் தெரியாமல் இல்லை அண்ணை.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
மன்னிக்கவேணும். வழக்கு நிலுவையில் இருந்தால், 2023இல் வந்த 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புக் கேட்கலாம். அடுத்த தவணைக்கு நானும் தம்பியும் வாறம், தூக்க.

கடலோரம்:
அம்மா, மகன் இப்ப எப்படி?

மகனின் அம்மா:
வீட்டுக்குள் முந்தின மாதிரிக் கதைக்கிறான். கேற்றைத் தாண்டினால் கை பைக்குள் போய்விடும்.