மலையகத்துக்கு வாழ வந்த தங்கைகளுக்கு: குளிருக்கு ஒரு தொளதொளச் சட்டை

தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகியோ வேலைக்காகவோ இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் வந்திருக்கும் தங்கைகள் முதல் மாதத்திலேயே கேட்கிற கேள்வி இது: "அக்கா, கொண்டு வந்த துணி எதுவும் இங்கே ஒத்துவரவில்லையே?" எட்டு வருடத்துக்கு முன்பு நானும் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெட்டி நிறைய பிடித்துத் தைத்த ஜாக்கெட்டுகளோடுதான் வந்து இறங்கினேன். உள்ளே ஒரு பனியன் போட்டால் கொக்கி மாட்டாது. போடாவிட்டால் ராத்திரி ஏழு மணிக்கே பல் அடிக்கும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வருடச் சராசரி வெப்பமே 16 டிகிரி அளவுதான். அங்கே உடம்போடு ஒட்டிய மெல்லிய ஜாக்கெட் எந்தக் குளிரைத் தாங்கும்?

உடம்பை ஒட்டிய இன்னர் ஒன்று, அதற்கு மேல் தொளதொளவென்று ஒரு சட்டை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற காற்றுதான் சூடு காக்கும். இந்தச் சட்டையை வீட்டிலேயே ஒரு மாலையில் தைத்துவிடலாம். எனக்கு இதை வெட்டக் காட்டியவர் பக்கத்து லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, அம்மாயி. முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். தோள் பிடிக்கிற சட்டையைப் போட்டுக்கொண்டு மலையில் நின்று பார், தெரியும் என்பார்.

முதலில் துணி. இங்கே கடைப்பலகையில் 'புடவை' என்று இருந்தால் சேலை மட்டும் விற்கிற கடை என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். இலங்கையில் புடவை என்றால் பொதுவாகத் துணி. சிங்களக் கடைக்காரரிடம் 'ரெதி' என்றால் துணி என்று புரிந்துகொள்வார். நூலுக்கு அவர்களும் நூல் என்றே சொல்கிறார்கள், பொத்தானுக்குப் பொத்தம். முதல் முறை அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா!

மெத்தென்று இருக்கும் கனமான பிளனல் துணியைப் பார்த்தவுடன் ஆசை வரும். ஒன்று வாங்குங்கள், போதும். மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழை விடாது. அப்போது துவைத்த பிளனல் மூன்று நாளானாலும் காயாமல் ஒரு முடை நாற்றம் பிடிக்கும். அன்றாடத்துக்கு பாலியெஸ்டர் கலந்த காட்டன்தான் சரி, சீக்கிரம் காயும். 45 அங்குல அகலத்தில் ஒன்றரை மீட்டர் வாங்கி, வெட்டுவதற்கு முன் கட்டாயம் நனைத்துக் காயவையுங்கள். சுருங்குவது முன்னாலேயே சுருங்கிவிடட்டும்.

மார்புச் சுற்றளவு 36 என்று வைத்துக்கொள்வோம். தளர்வுக்கு 8 அங்குலம் சேர்த்தால் 44, அதில் கால் பங்கு 11, தையலுக்கு முக்கால் சேர்த்து 11¾. துணியில் 52 அங்குல நீளம் எடுத்து, குறுக்கே பாதியாக மடியுங்கள், அது தோள். அப்புறம் நெடுக்கே பாதியாக மடியுங்கள், அது நெஞ்சு நடு. இரண்டு மடிப்பும் சந்திக்கிற மூலைதான் கழுத்து. நடு மடிப்பிலிருந்து 11¾ அளந்து, கீழிருந்து மேலாகக் கோடு போடுங்கள். தோள் மடிப்பிலிருந்து 9½ அங்குலம் கீழே கக்கம் வரும். அங்கிருந்து துணியின் ஓரம் வரை, கை முனையில் தோள் மடிப்பிலிருந்து 7 அங்குலம் வரும்படி சரித்துக் கொண்டுபோங்கள். கக்கத்தில் கூர்மூலை வேண்டாம், நன்றாக வளைத்து விடுங்கள். உடம்பும் கையும் ஒரே துண்டு, தோளில் தையலே கிடையாது. கை முழங்கை வரை வரும். நீளம் வேண்டுமென்றால் கக்கத்துக்குக் கீழே வெட்டி எடுத்த துண்டிலிருந்து பட்டை வைத்துக்கொள்ளலாம்.

கழுத்துக்கு அகலத்தில் 3 அங்குலம், ஆழம் 1 அங்குலம் என்று நான்கு மடிப்பையும் சேர்த்து வெட்டுங்கள். பிறகு விரித்து, முன்பக்கத்தை மட்டும் 4½ ஆழமாக்குங்கள். இந்த அளவில் தலை நுழையாது, பயப்பட வேண்டாம். முன்பக்க நடுவில் 4 அங்குலம் கீறி, மேலே ஒரு பொத்தானும் நூல் வளையமும் போட்டால் சரி. தலை நுழைவதற்காகக் கழுத்தை அகலமாக்கினால் குளிர் உள்ளே இறங்கும். கழுத்தோரத்துக்கு மிச்சத் துணியில் சாய்வாக வெட்டிய 1¼ அங்குல கிராஸ் பட்டி வையுங்கள், நேர்த்துணி வளைவில் சுருங்கும்.

பக்கத் தையலைப் பிரெஞ்சுத் தையலாகப் போடுங்கள். நல்ல பக்கம் வெளியே இருக்கக் கால் அங்குலத்தில் ஒரு தையல், விளிம்பைக் குறைத்துவிட்டு, உள்ளே திருப்பி இன்னொரு தையல். விளிம்பு பிசிறாமல் அடித்துத் தரும் ஓவர்லாக் கடையைத் தேடி அலைய வேண்டாம், பிசிறும் வராது. கீழே 1 அங்குலம் மடித்து அடித்தால் முடிந்தது.

மெஷின் பற்றி ஒரு வார்த்தை. ஊரிலிருந்து மோட்டார் மெஷின் கொண்டு வந்தவர்களுக்கு மின்சாரம் இங்கேயும் 230 வோல்ட்தான், ஆனால் புதிய வீடுகளில் சதுரப் பின் பிளக். நான் மிதிமெஷின்தான் வைத்திருக்கிறேன், மழையில் கரண்ட் போனாலும் ஓடும்.

போன வாரம் தைத்துப் பார்த்த ஒரு தங்கை, கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் மேலே ஏறுகிறது என்று எழுதியிருந்தாள். அது உன் தப்பு இல்லை கண்ணு. ஒரே துண்டுச் சட்டையில் இடுப்பிலிருந்து கை முனை வரை கக்கத்தின் வழியாகப் போகிற துணி குட்டை, அதனால்தான் இழுக்கிறது. கக்கத்தில் இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, 4 அங்குலச் சதுரத் துண்டை மூலை மேலே பார்க்கும்படி வைத்துத் தை. அந்த இடத்தில் மட்டும் சாதாரணத் தையல் போட்டு, விளிம்பைக் கையால் சுற்றித் தைத்துவிடு. அம்மாயியின் வேலைச் சட்டை எல்லாவற்றிலும் அந்தத் துண்டு உண்டு. கொழுந்துக்கூடையை முதுகில் இறக்கி ஏற்றினாலும் சட்டை, வேலைக்காக இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்கு விரிப்பை விட்டு வெளியே வராது.