புதுப்பிப்பு: அரங்கம் கிடைக்காத பொங்கல் விழா நடந்து முடிந்தது

எங்கள் கல்லூரித் தமிழ் மன்றப் பொங்கல் விழாவுக்கு அரங்கம் கிடைக்கவில்லை, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். "வெளியில வைங்க" என்றீர்கள் பலர். விடுதிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வைத்தோம்.

திறந்தவெளி என்றதும் முதல் வேலை ஒலிபெருக்கி அனுமதி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி எழுத்து மூலம் அனுமதி வேண்டும், இரவு 10 மணி முதல் காலை 6 வரை போடக் கூடாது. பேராசிரியர் கையெழுத்திட்ட கடிதத்தோடு காவல் நிலையத்துக்குப் பத்து நாள் முன்பே போனோம். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

பொங்கல் வைப்பதுதான் பாடுபடுத்தியது. காற்றில் அடுப்புத் தீ நிற்கவே இல்லை. சமையற்கூட அக்கா ஒருவர் தகரத் துண்டைக் கொண்டுவந்து செங்கல்லுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தார். ஐந்தே நிமிடத்தில் பொங்கியது. அந்த நேரம் பறை அடிக்க வந்த தம்பிகள் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தோல் இறுக இறுகச் சத்தம் மாறுவதை முதலாமாண்டுப் பிள்ளைகள் சுற்றி நின்று கேட்டார்கள். அரங்கத்துக்குள் இது நடந்திருக்காது.

பட்டிமன்றம் சுமார்தான், நேரம் போதவில்லை. செலவுக்கணக்கில் கரும்புக்கட்டுக்கு மட்டும் ரசீது வாங்கவில்லை. நாளை கடைக்குப் போகிறேன். அடுத்து மார்ச்சில் முத்தமிழ் விழா. அதையும் மரத்தடியிலேயே வைக்கக் கேட்டிருக்கிறோம்.