மறு: ‘ரிவர்ஸ் காலனைசேஷன்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

கோதிக் (பழங்கோட்டை, மர்மம், அச்சம் நிறைந்த இலக்கிய வகை) திகில் புனைவு பற்றிய இந்த இழையில் ‘ரிவர்ஸ் காலனைசேஷன்’, அதாவது பிறரை ஆண்ட நாட்டையே அந்நியர் வந்து பிடிப்பார்கள் என்ற கற்பனைக்கு, இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மறுகாலனியாக்கம், எதிர்க்காலனியம், தலைகீழ்க் குடியேற்றம். மூன்றுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து. முதல் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவதைத்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

> மறுகாலனியாக்கம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமே?

புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். உலகமயத்தின் வழியே நாடு திரும்பவும் அடிமைப்படுகிறது என்ற பொருளில் தமிழ்நாட்டு இடதுசாரிகள் அதை நெடுநாளாகப் பயன்படுத்திவருகிறார்கள். நாம் சொல்ல வருவது வேறு. எதிர்க்காலனியம் என்றாலோ, காலனிய எதிர்ப்பு என்றுதான் எவரும் படிப்பார்கள்.

சரி, கருத்துக்கு வருவோம். இலக்கிய ஆய்வாளர் ஸ்டீபன் அராட்டா 1990இல் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதை முன்வைத்தார். உலகெங்கும் போய் நிலம் பிடித்த பிரிட்டன், அதே காரியத்தை வேறொருவன் தன் மண்ணில் வந்து செய்துவிடுவான் என்று நடுங்குகிறது. அந்த நடுக்கத்தில் குற்ற உணர்வும் கலந்திருக்கிறது. டிரான்சில்வேனியாவில் வாழும், இரத்தம் குடிக்கும் வாம்பையரான டிராகுலா பிரபு இங்கிலாந்துக்கு எப்படி வருகிறான் என்று பாருங்கள். முதலில் ஆங்கிலம் கற்கிறான். இங்கிலாந்தின் சட்டம், ரயில் நேரம், முகவரிப் புத்தகம் எல்லாவற்றையும் தன் கோட்டையில் சேர்த்துவைத்துப் படிக்கிறான். வழக்கறிஞர் மூலம் முறையாகப் பத்திரம் எழுதி பர்ஃப்ளீட்டில் வீடு வாங்குகிறான். அப்புறம் தன் ஊர் மண்ணை ஐம்பது பெட்டிகளில் நிரப்பிக்கொண்டு கப்பல் ஏறுகிறான். லண்டன் தெருவில் தன் பேச்சைக் கேட்டு யாரும் அந்நியன் என்று சொல்லிவிடக் கூடாது என்பது அவன் கவலை. ஆங்கிலேயர் பிற நாடுகளுக்குள் நுழைந்த வழியை அவர்களிடமே திருப்பிக் காட்டுகிற பாத்திரம் அவன்.

அந்த நாவல் வெளிவந்தது 1897இல், விக்டோரியா அரியணை ஏறிய அறுபதாம் ஆண்டை லண்டன் கொண்டாடிய அதே வருடம். எகிப்திலிருந்து பழிதீர்க்க வரும் உருவத்தைப் பற்றிய ரிச்சர்ட் மார்ஷின் ‘வண்டு’ம் அதே வருடம்தான். செவ்வாய்க் கோளிலிருந்து படையெடுப்பு வரும் எச்.ஜி. வெல்ஸின் தொடர்கதையும் அவ்வருடம் பத்திரிகையில் வந்தது. அது கோதிக் அல்ல, ஆனால் தாஸ்மானியத் தீவின் பழங்குடியினருக்கு ஐரோப்பியர் செய்த அழிவை அது வெளிப்படையாகவே நினைவூட்டுகிறது. பேரரசு உச்சியில் இருந்தபோது இத்தனை படையெடுப்புக் கதைகள்! எனக்கு இது எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

இதனால்தான் நம் சொல்லில் அச்சம் என்பது இருந்தே ஆக வேண்டும் என்கிறேன். இங்கிலாந்தை எந்த டிரான்சில்வேனியாவும் எகிப்தும் பிடிக்கவில்லை. அது நிகழ்வல்ல, ஆண்டவர்களின் மனநிலை. அச்சத்தை விட்டுவிட்டால், நடந்துபோன ஒன்றின் பெயர் போல ஆகிவிடும்.

இனி, தலைகீழ்க் குடியேற்றம். இது கவர்ச்சியான சொல் என்பதை மறுக்கமாட்டேன். ‘குடி’ என்பதில் வாழிடமும் இருக்கிறது, குலமும் இருக்கிறது. டிராகுலா கேட்பதும் இரண்டையும்தான்: நிலம் வேண்டும், பெண்களின் இரத்தத்தின் வழியே தன் இனமும் பெருக வேண்டும். அவன் இரத்தம் குடித்த லூசி என்ற பெண்ணுக்கு நான்கு ஆண்கள் மாறி மாறித் தங்கள் இரத்தத்தைக் கொடுத்தும் அவளை மீட்க முடியவில்லை. அவள் அவனுடைய இனமாகிவிடுகிறாள்.

ஆனாலும் வேண்டாம். இலங்கையில் குடியேற்றம் என்றால் அரசு நடத்திய குடியேற்றத் திட்டங்கள்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் அது பிழைக்கப் போவதைக் குறிக்கும். ஊர் திரும்பிய தொழிலாளர்களைப் பற்றிய சொல்லாகக்கூடப் படிக்கப்படும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அகதியாகவும் கூலியாகவும் வருகிறவர்களை ‘நம்மைக் காலனியாக்க வந்தவர்கள்’ என்று சாடும் அரசியல் இன்று ஐரோப்பாவில் உயிரோடு இருக்கிறது. நம் கலைச்சொல் அந்தப் பழியை ஏற்றிக்கொண்டு நிற்கக் கூடாது. ‘வதரிங் ஹைட்ஸ்’ (1847) நாவலின் ஹீத்கிளிஃபை எண்ணிப் பாருங்கள். லிவர்பூல் தெருவில் பசியோடு கிடந்து, ஒரு குடும்பத்தார் வீட்டுக்கு எடுத்துவந்த சிறுவன் அவன். அண்டை வீட்டார் அவனைப் பார்த்தவுடன் லஸ்கரா, அதாவது ஆசியக் கடலோடியின் பிள்ளையா என்று கேட்கிறார்கள். பிற்பாடு இரு வீடுகளும் அவன் கைக்கு வருவது உண்மை. ஆனால் வந்த நாளில் அவன் குழந்தை மட்டுமே. அவனைப் படையெடுப்பாளனாகப் பார்த்தது அந்த வீடுகளின் கண்.

ஆகவே என் பரிந்துரை: தலைகீழ்க் காலனிய அச்சம். நீளம்தான். முதன்முறை முழுதாக எழுதிவிட்டு அடுத்தடுத்த இடங்களில் ‘தலைகீழ் அச்சம்’ என்று சுருக்கலாம்.

> ‘ரேஷியல் ப்யூரிட்டி’க்கு இனத்தூய்மை போதும்தானே?

போதாது. இனத்தூய்மை என்று மட்டும் எழுதினால் அப்படி ஒன்று உண்மையில் இருப்பதாக ஒப்புக்கொள்கிறோம். இனத்தூய்மைவாதம் என்போம். ஃப்ளாரன்ஸ் மேரியட்டின் ‘வாம்பையரின் இரத்தம்’ நாவல் (அதுவும் 1897!) இதற்கு நல்ல சான்று. ஜமைக்காவில் பிறந்த ஹேரியட் யாரையும் கடிப்பதில்லை. அவள் அன்பு வைத்தவர்கள் நலிந்து சாகிறார்கள், அவ்வளவுதான். அதற்கு மருத்துவர் கூறும் காரணம் பரம்பரை, அவள் தாய்வழி இரத்தம். ஒரு பெண்ணை உயிரை மாய்த்துக்கொள்ளும் வரை தள்ளுகிற இந்த மருத்துவப் பேச்சுக்குத் ‘தூய்மை’ என்ற வெள்ளை வேட்டியை நாம் கட்டிவிடக் கூடாது. கலப்புத் திருமணம் என்பதை விட்டு சாதி மறுப்புத் திருமணம் என்று சொல்லத் தொடங்கியவர்களுக்கு இது புதிதல்ல.

கோதிக்கை கோதிக் என்றே விடுவோம். பேய்க்கதை என்றால் பேயே வராத ‘ஜேன் அயர்’ நாவல் வெளியே போய்விடும். அதில் கணவனால் மாடியில் அடைக்கப்பட்ட பெர்தா மேசனைக் குறிக்கும் ‘கிரியோல்’ என்ற சொல்லையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்த வெள்ளையரையும் அது குறித்தது, மற்றவர்களையும் குறித்தது. ‘கலப்பினப் பெண்’ என்று எழுதினால், நாவல் தெளிவாக்காத ஒன்றை நாம் முடிவுசெய்தவர்கள் ஆவோம். மேற்கிந்தியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் ‘வைட் சர்காசோ சீ’ நாவலில் பெர்தாவுக்கு அந்துவானெத் என்ற பெயரும் ஒரு பிள்ளைப்பருவமும் கொடுத்து எழுதினார். அந்த நாவலுக்கும் இச்சொல் இல்லாமல் முடியாது.

‘தலைகீழ்’ என்பது பேச்சுநடையாகத் தொனிக்கிறது என்று நினைப்பவர்கள் மாற்று இருந்தால் எழுதுங்கள். இலங்கை நண்பர்கள் குடியேற்றம் பற்றி நான் சொன்னது சரியா என்றும் சொல்ல வேண்டும்.